பெரிய கால்நடைகளுக்கான மயக்க மருந்துக் கூட்டுகள்

உழவு மாட்டிற்கோ, கறவை எருமைக்கோ, வண்டிக் குதிரைக்கோ அறுவைச் சிகிச்சை அவசியமாகும்போது, அப்பிராணியின் சொந்தக்காரர் முதலில் கேட்கும் கேள்வி, "மயக்கம் கொடுத்தால் மறுபடி எழுந்துவிடுமா?" என்பதேயாகும். இக்கேள்வி நியாயமானது. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் ஏறக்குறைய 19.25 கோடி மாடுகளும் 11 கோடி எருமைகளும் இருந்தன. ஒன்றிரண்டு பிராணிகளை மட்டும் வளர்த்து வரும் குடும்பங்கள் எண்ணற்றவை. அத்தகைய வீட்டில் ஒரு கறவை எருமை இறந்துபோனால், அக்குடும்பத்தின் மூலதனமே போய்விட்டதெனலாம்.

மயக்க மருந்து கொடுக்கும் பொறுப்பு பதிவு பெற்ற கால்நடை மருத்துவருக்கே உரியது. எனினும், பிராணியைச் சிகிச்சைக்குத் தயார் செய்வதும், சிகிச்சை முடிந்தபின் காவல் இருப்பதும், சொந்தக்காரருக்கு விளக்கம் கூறுவதும் பெரும்பாலும் கள ஊழியரின் கையிலேயே உள்ளன. ஆகவே, இப்பொழுது உபயோகத்திலுள்ள மருந்துக் கூட்டுகள் எவை, அவற்றின் குணமும் குறையும் யாவை, ஒரு பிராணிக்கு ஏற்ற கூட்டு மற்றொன்றுக்கு ஏன் ஏற்காது என்பவற்றை அவர்களும் அறிந்திருத்தல் நன்று.

மயக்கம் எப்பொழுது தேவை?

மாடுகளுக்கும் எருமைகளுக்கும் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகளிற் பல, பிராணியை நிறுத்திவைத்தே செய்யப்படுகின்றன. லிக்னோகெயின் என்னும் மருந்தை உரிய நரம்புகளின் அருகில் ஊசி மூலம் செலுத்தினால் அப்பகுதி மட்டும் மரத்துப்போகும். விலாவைத் திறந்து இரைப்பையிலுள்ள ஆணி, கம்பி முதலியவற்றை எடுப்பதற்கும், வயிற்றைத் திறந்து கன்றை எடுப்பதற்கும், கொம்பு சம்பந்தமான சிகிச்சைகளுக்கும் இம்முறை பெரும்பாலும் போதுமானது. நின்றபடியே இருக்கும் பிராணி நன்றாக மூச்சு விடுகிறது, ஏப்பம் விடுகிறது, உமிழ்நீரை விழுங்குகிறது. எனவே, மரப்பு ஊசியால் செய்யக்கூடிய சிகிச்சைக்கு முழு மயக்கத்தை நாடலாகாது என்பதே முதல் விதி.

முறிந்த எலும்பைப் பொருத்துதல், மார்பையோ உதரவிதானத்தையோ திறத்தல், நெடுநேரம் அசைவின்றி இருக்க வேண்டிய நுட்பமான வேலைகள் ஆகியவற்றிற்கு முழு மயக்கம் இன்றியமையாதது. குதிரை எளிதில் மிரளும் பிராணியாதலால், அதற்கு மாட்டைவிட அதிகச் சந்தர்ப்பங்களில் முழு மயக்கம் தேவைப்படுகிறது.

ஒரே மருந்து ஏன் போதாது?

நல்ல மயக்கம் என்பது நான்கு அம்சங்களைக் கொண்டது. பிராணி நினைவிழந்து உறங்க வேண்டும், வலி உணரலாகாது, தசைகள் தளர்ந்திருக்க வேண்டும், வேலை முடிந்ததும் தீங்கின்றி விழித்தெழ வேண்டும். இந்நான்கையும் ஒருங்கே தரும் தனி மருந்து இதுவரை கிடைத்திலது.

1846-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதரைக் கொண்டு மனிதருக்கு மயக்கமளித்துச் சிகிச்சை செய்து காட்டப்பட்டது. அடுத்த ஆண்டில் குளோரோபாரம் வழக்கத்திற்கு வந்தது. 1869-இல் குளோரால் ஹைட்ரேட் உறக்கம் தருவது அறியப்பட்டபின், பெரிய பிராணிகளுக்கு, முக்கியமாகக் குதிரைகளுக்கு, அது நெடுங்காலம் உபயோகிக்கப்பட்டது. 1934-இல் தயோபென்டோன் வந்தது. இவை யாவும் உறக்கத்தை நன்கு உண்டாக்கின. ஆயினும், உறக்க மருந்தொன்றையே கொண்டு வலியின்மையையும் தசைத் தளர்ச்சியையும் பெற வேண்டுமானால் அளவை உயர்த்த வேண்டியிருந்தது. அளவு உயர உயர, மூளையில் சுவாசத்தை ஆளும் பகுதியும் அடங்கத் தொடங்கும். உறக்கத்திற்கும் மரணத்திற்கும் இடையேயுள்ள தூரம் குறுகிவிடும்.

ஒரு மருந்தைப் பெரிய அளவில் கொடுப்பதற்குப் பதில், வெவ்வேறு குணமுள்ள இரண்டு மூன்று மருந்துகளைச் சிறு சிறு அளவில் கொடுத்தால், ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். ஒவ்வொன்றன் தீங்கும் குறையும். இதுவே மருந்துக் கூட்டின் தத்துவமாகும்.

அசைபோடும் பிராணியின் தனித்தன்மை

மருந்துக் கூட்டுகளை ஒப்பிடுமுன், அவற்றை ஏற்கும் உடலைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். பெரிய பசுவின் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவுள்ளது. அதனுள் தீனி எந்நேரமும் புளித்து வாயுவை உண்டாக்கிக்கொண்டேயிருக்கும். விழித்திருக்கும் பிராணி அவ்வாயுவை ஏப்பமாக வெளியேற்றிவிடுகிறது. மயங்கிய பிராணி ஏப்பம் விடுவதில்லை. ஆனால் புளித்தல் நிற்பதில்லை. வயிறு உப்பி, உதரவிதானத்தை முன்னே தள்ளி, நுரையீரலை நெருக்குகிறது. பக்கவாட்டிலோ மல்லாந்தோ கிடக்கும்போது, உடலின் பாரத்தால் கீழ்ப்புற நுரையீரலும் அமுங்குகிறது. அமுங்கிய பகுதியில் இரத்தம் ஓடியும், காற்று சேராததால் அவ்விரத்தம் பிராணவாயுவைப் பெறாமலே திரும்புகிறது.

இரண்டாவது அபாயம், இரைப்பையிலுள்ள தீனி எதிர்க்களித்து வாய்க்கு வருதல். தொண்டையின் காவல் தளர்ந்திருப்பதால் அது மூச்சுக் குழாயினுள் இறங்கிவிடக்கூடும். அன்று பிழைத்த பிராணியும் சில நாட்களில் நுரையீரல் அழற்சியால் இறக்க நேரிடலாம். மூன்றாவது உமிழ்நீர். மாடு மயக்கத்திலும் உமிழ்நீரைப் பெருமளவில் சுரந்துகொண்டேயிருக்கிறது. அட்ரோபின் கொடுத்தால் இது நின்றுவிடும் என்று கருதுவது பிழை. வழக்கமான அளவில் அம்மருந்து உமிழ்நீரைக் கெட்டியாக்குவதோடு, இரைப்பையின் அசைவையும் குறைத்துவிடுகிறது. ஆதலால் மாடுகளுக்கு அதை வழக்கமாகக் கொடுப்பது ஏற்றதன்று. தலையைத் தக்கபடி வைத்து உமிழ்நீரை வெளியே வடியச் செய்தலே மேல்.

இம்மூன்று அபாயங்களையும் எந்த மருந்தும் அடியோடு நீக்குவதில்லை. சில மருந்துகள் மிகுவிக்கின்றன. சில அவ்வளவாக மிகுவிப்பதில்லை. ஒப்பிடுகையில் இதுவே முக்கியமான அளவுகோலாகும்.

பழைய மருந்துகள்

குளோரால் ஹைட்ரேட் மலிவானது. ஆனால் வலியைப் போக்கும் சக்தி அதற்குக் குறைவு. மயக்கமளிக்கும் அளவும் கொல்லும் அளவும் அருகருகே உள்ளன. இரத்தக் குழாய்க்கு வெளியே சிந்தினால் அவ்விடத்துச் சதை அழுகி உதிரும். விழித்தெழவும் நெடுநேரம் பிடிக்கும். மக்னீசியம் சல்பேட்டையும் வேறு உறக்க மருந்துகளையும் இதனுடன் சேர்த்துக் கொடுத்ததே பெரிய பிராணிகளுக்கான மருந்துக் கூட்டுகளில் முற்பட்டது எனலாம். நவீன மருந்துகள் கிடைக்குமிடத்தில் இதற்கு இடமில்லை.

தயோபென்டோன் இரத்தக் குழாயில் செலுத்திய அரை நிமிஷத்திற்குள் பிராணியை உறங்கச் செய்கிறது. பத்து முதல் பதினைந்து நிமிஷங்களில் அதன் வேகம் தணிகிறது. அம்மருந்து உடலில் அழிந்துவிட்டதால் இவ்வாறு நிகழ்வதில்லை; மூளையினின்றும் தசைக்கும் கொழுப்பிற்கும் அது பரவிவிடுவதே காரணம். இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படும். திரும்பத் திரும்பக் கொடுத்தால் மருந்து உடலில் சேர்ந்து, விழிப்பு மிகத் தாமதமாகும். கொழுப்பற்ற மெலிந்த பிராணி, கொழுத்த பிராணியைவிட நீண்ட நேரம் மயங்கிக் கிடக்கும். தயோபென்டோனுக்கு வலியைப் போக்கும் குணமில்லை. அதன் கரைசல் கடுமையான காரத்தன்மையுள்ளதாதலால், குழாய்க்கு வெளியே சிந்தினால் சதை புண்ணாகும்.

சைலசீனும் கெட்டமீனும்

இவ்விரு மருந்துகளும் 1962-ஆம் ஆண்டிலேயே தோன்றின. சைலசீன் அன்றைய மேற்கு ஜெர்மனியிலும், கெட்டமீன் அமெரிக்காவிலும் தயாரிக்கப்பட்டன. பெரிய பிராணிகளுக்கு இன்று மிகுதியாகக் கொடுக்கப்படும் கூட்டுகளுள் இதுவும் ஒன்று.

சைலசீன் பிராணியை அமைதிப்படுத்துகிறது, தசையைத் தளர்த்துகிறது, உள்ளுறுப்புகளின் வலியைக் குறைக்கிறது. கெட்டமீன் நினைவைப் போக்குகிறது. தோல், தசை முதலியவற்றின் வலியை நன்கு அடக்குகிறது. ஆனால் தனியே கொடுத்தால் உடல் விறைக்கும்; குதிரைக்கு வலிப்பும் வெறியும் உண்டாகும். சைலசீன் அவ்விறைப்பைத் தணிக்கிறது. சைலசீன் இதயத் துடிப்பைத் தாழ்த்துகிறது. கெட்டமீன் அதை ஓரளவு தூண்டுகிறது. ஒன்றையொன்று நிரப்புதல் என்பதற்கு இது தக்க உதாரணம். இரத்தக் குழாயில் கொடுத்தால் ஏறக்குறைய இருபது முதல் முப்பது நிமிஷம் வரை மயக்கம் நீடிக்கும்.

முதலில் சைலசீனைக் கொடுத்து, பிராணி தலையைத் தாழ்த்தி நன்கு அமைதியடைந்ததைக் கண்ட பின்னரே கெட்டமீனைக் கொடுக்க வேண்டும். குதிரையிடத்தில் இவ்வரிசை தவறினால் பிராணிக்கும் அருகில் நிற்பவர்க்கும் ஆபத்து. மிரண்டு ஓடிப் பிடிபட்ட பிராணிக்குச் சைலசீன் சரிவர வேலை செய்யாது. ஆகவே ஊசி போடுமுன்னும் பின்னும் அவ்விடத்தில் கூச்சலின்றி வைத்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

சைலசீனின் குறைகள் கவனிக்கத்தக்கவை. அது இரைப்பையின் அசைவை நிறுத்தி வயிறு உப்பச் செய்யும். உமிழ்நீரையும் சிறுநீரையும் மிகுவிக்கும். இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும். வெப்பமான வேளையில் உடற்சூட்டைச் சமப்படுத்தும் சக்தியைக் குலைக்கும். அசைபோடும் பிராணியின் கருப்பையைச் சுருங்கச் செய்வதால், சினையின் கடைசி மூன்றிலொரு பகுதியில் கன்று குறைமாதத்தில் விழும் அபாயமும் உண்டு. சினையுள்ள பிராணி என்பதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது எவ்வளவு பெரும் பிழை என்பது இதனால் விளங்கும்.

ஒரே எடை, வெவ்வேறு அளவு

நானூறு கிலோகிராம் எடையுள்ள ஒரு குதிரையும், அதே எடையுள்ள ஒரு பசுவும் அருகருகே நிற்பதாகக் கொள்வோம். குதிரைக்கு இரத்தக் குழாயில் கொடுக்கும் சைலசீனின் அளவு, கிலோகிராமுக்கு 1.1 மில்லிகிராம், மொத்தம் 440 மில்லிகிராம். பசுவிற்கோ கிலோகிராமுக்கு 0.05 முதல் 0.1 மில்லிகிராம், மொத்தம் 20 முதல் 40 மில்லிகிராம். அதாவது குதிரையின் அளவில் பத்திலொரு பங்கோ அதற்கும் குறைவோதான். கெட்டமீனிலோ இத்தகைய வேற்றுமை இல்லை. இரண்டிற்கும் கிலோகிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம், அதாவது 800 மில்லிகிராம் அளவே கொடுக்கப்படுகிறது.

ஒரு மருந்தில் பத்து மடங்கு வேற்றுமையும், மற்றொன்றில் வேற்றுமையின்மையும் இருப்பதால், ஓர் இனத்தின் அளவைக் கொண்டு மற்றோர் இனத்தின் அளவை ஊகித்தல் இயலாது. மேலும், சைலசீன் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம் உள்ளதாகவும் 100 மில்லிகிராம் உள்ளதாகவும் தயாராகிறது. நூறு மில்லிகிராம் புட்டியிலிருந்து குதிரைக்கு 4.4 மில்லிலிட்டர் எடுத்துப் பழகிய கை, பசுவிற்கு 0.2 மில்லிலிட்டரே போதும் என்பதை மறந்தால் பசு எழாது. புட்டியின் மீதுள்ள எழுத்தைச் சத்தமாகப் படித்து, உடனிருப்பவர் ஒப்புக்கொண்ட பின்னரே ஊசிக்குழலை நிரப்பும் வழக்கம் இத்தகைய பிழையைத் தடுக்கும்.

மாடுகளுக்குள்ளும் வேற்றுமை உண்டு. இந்தியத் திமில் மாடுகளின் வழிவந்த பிராமன் இனம், ஐரோப்பிய ஹோல்ஸ்டீன் இனத்தைவிடச் சைலசீனுக்கு எளிதில் ஆட்படுவது அறியப்பட்டுள்ளது. ஆதலால் ஐரோப்பிய இனங்களுக்கென்று எழுதப்பட்ட அளவை நம் நாட்டு மாடுகளுக்கு அப்படியே கொள்ளாமல், குறைந்த அளவிலிருந்து தொடங்குவது விவேகம்.

டயசெப்பாமும் கெட்டமீனும்

மெலிந்த, நோயுற்ற, வயிறு ஏற்கெனவே உப்பியுள்ள பிராணிக்குச் சைலசீன் தகாது. அங்கே டயசெப்பாமையோ மிடசோலாமையோ கெட்டமீனுடன் சேர்ப்பர். இக்கூட்டு இதயத்தையும் இரைப்பையையும் அவ்வளவாகத் தாழ்த்துவதில்லை. தசைத் தளர்ச்சியும் நன்று. ஆனால் மயக்கம் பத்து முதல் பதினைந்து நிமிஷங்களே நிற்கும். உள்ளுறுப்புகளின் வலியைப் போக்கும் சக்தி குறைவு. ஆதலால் இதனோடு லிக்னோகெயின் கொண்டு வெட்டுமிடத்தையும் மரக்கச் செய்வது வழக்கம். மயக்கத்தை மேலாக வைத்து, வலியை உறுப்பளவில் அடக்கும் இவ்வழி எல்லாக் கூட்டுகளுக்குமே நன்மை தருவதாகும்.

மும்மருந்துச் சொட்டு

அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தேவைப்படும் சிகிச்சைக்கு, குவாய்பெனெசின், கெட்டமீன், சைலசீன் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கரைத்து இரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவர். குவாய்பெனெசின் தண்டுவடத்தின் வழியே தசைகளைத் தளர்த்தும். மூச்சுத் தசைகளை அவ்வளவாகத் தாக்காது.

மாடுகளுக்கு, ஐந்து சதவிகிதக் குவாய்பெனெசின் கரைசல் ஒரு லிட்டரில் கெட்டமீன் 1 கிராமும், சைலசீன் 50 மில்லிகிராமும் சேர்ப்பது ஒரு வழக்கமான கலவை. பிராணியைச் சாய்க்கக் கிலோகிராமுக்கு அரை முதல் ஒரு மில்லிலிட்டரும், பின்னர் மயக்கத்தைக் காக்க மணிக்குக் கிலோகிராமுக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிலிட்டரும் செல்லும். குதிரைக்கு இதே கலவையில் சைலசீன் மட்டும் 500 மில்லிகிராம். எனவே குதிரைக்குக் கலந்து மிஞ்சிய புட்டியை ஒருபோதும் மாட்டிற்கு ஏற்றலாகாது.

சொட்டின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மயக்கத்தின் ஆழத்தை மாற்றலாம் என்பது இதன் பெருநன்மை. குறையும் உண்டு. குவாய்பெனெசின் ஐந்து சதவிகிதத்திற்கு மேற்பட்டால் மாட்டின் சிவப்பணுக்கள் சிதையும். ஒரு மணி நேரத்திற்கு மேல் நீட்டினால் மருந்துகள் உடலில் சேர்ந்து, பிராணி எழுவது தாமதமாகும்.

சுவாச வழி மயக்கம்

நெடுநேரச் சிகிச்சைக்கு, மேற்கூறியவற்றுள் ஒன்றால் பிராணியைச் சாய்த்து, மூச்சுக் குழாயினுள் காற்றுப்பை பொருத்திய குழலைச் செலுத்தி, பிராணவாயுவுடன் ஐசோபுளூரேன் ஆவியைத் தருவர். 1956 முதல் மருத்துவத்தில் வழங்கிய ஹாலோதேன் இவ்வகையில் முன்னோடி. ஆவி மூச்சின் வழியே உட்சென்று, பெரும்பாலும் மூச்சின் வழியே வெளியேறுவதால் மயக்கத்தின் ஆழம் விரைவில் மாறும், விழிப்பும் விரைவு. எதிர்க்களித்த தீனி நுரையீரலை அடையாமல் குழல் தடுக்கும். ஆயினும் இரத்த அழுத்தம் தாழ்வதால் இடையறாத கவனிப்பு வேண்டும்; இயந்திரமும் பிராணவாயுவும் பயிற்சி பெற்றவரும் வேண்டும். ஆகவே இது கல்லூரி ஆஸ்பத்திரிகளுக்கே உரியதாய் உள்ளது.

மாற்று மருந்துகள்

யோஹிம்பின், டோலசோலின் முதலியவை சைலசீனின் வேலையை முறிக்க வல்லவை. ஆனால் கெட்டமீனுக்கு இத்தகைய மாற்று கிடையாது. கெட்டமீன் தணியுமுன் சைலசீனை முறித்துவிட்டால் விறைப்பும் வெறியும் தலைதூக்கும். சைலசீன் தந்த வலியின்மையும் அதனுடனே போய்விடும். மாற்று மருந்து இருக்கிறதென்று அளவைப் பற்றி அசட்டையாயிருத்தல் தகாது.

கூட்டுகளை எவ்வாறு ஒப்பிடுகின்றனர்?

ஆசிரியர்கள் இப்பகுதியை விஞ்ஞான முறைக்கு ஓர் உதாரணமாக மாணவர்க்கு எடுத்துக் காட்டலாம். இரு கூட்டுகளை ஒப்பிடும் ஆராய்ச்சியாளர், ஊசி போட்டதிலிருந்து பிராணி சாயும் வரையிலான நேரம், தசைத் தளர்ச்சி, குளம்பினிடையே கிள்ளினால் காலை இழுக்கிறதா என்பது, இமையைத் தொட்டால் மூடுகிறதா என்பது, இதயத் துடிப்பு, மூச்சு, உடற்சூடு, இரத்தத்திலுள்ள பிராணவாயு, விழித்து உட்காரவும் நிற்கவும் பிடிக்கும் நேரம் ஆகியவற்றைக் குறித்துக் கொள்கிறார். ஒரே பிராணிக்குத் தக்க இடைவெளி விட்டு இரு கூட்டுகளையும் கொடுத்துப் பார்த்தால், பிராணிக்குப் பிராணி உள்ள வேற்றுமை முடிவைக் குழப்பாது.

இதில் வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நம் நாட்டில் இத்தகைய ஆராய்ச்சிகள் பல, நலமுள்ள எருமைக் கன்றுகளிடத்தில் செய்யப்பட்டவை. கன்றின் வயிறு சிறியது, பாரம் குறைவு, நோயுமில்லை. அங்கே நன்கு பலித்த கூட்டு, நோயுற்ற நிறைசினை எருமைக்கும் அப்படியே பலிக்கும் என்று கொள்ள இயலாது. "எந்தக் கூட்டு சிறந்தது?" என்ற கேள்விக்கு, "எந்தப் பிராணிக்கு, எந்நிலையில், எவ்வளவு நேரத்திற்கு?" என்ற எதிர்க்கேள்வியே விடையின் தொடக்கமாகும்.

ஓர் உதாரணம்

வட இந்தியாவில் எருமைகளிடத்தே காணப்படும் உதரவிதானக் கிழிசல் இதற்குத் தக்க சான்று. தீனியுடன் விழுங்கிய கம்பி உதரவிதானத்தைப் பலவீனமாக்க, சினைப்பாரமோ கன்றீனும் முக்கலோ அதைக் கிழித்துவிடுகிறது. இரண்டாம் இரைப்பையின் ஒரு பகுதி மார்பினுள் ஏறிக்கொள்கிறது. வயிறு திரும்பத் திரும்ப உப்பும், சாணம் குறைந்து பசைபோலாகும், பால் வற்றும், மருந்துகளால் குணம் தெரியாது.

இப்பிராணி பட்டினியால் மெலிந்தது, வயிறு உப்பியது, நுரையீரல் நெருக்குண்டது, சில வேளை சினையும் உள்ளது. இரைப்பையை நிறுத்தும் சைலசீன் இங்கே மிகுந்த ஐயத்திற்குரியது. மெலிந்த உடலில் தயோபென்டோன் நெடுநேரம் தங்கும். ஆதலால் மருத்துவர்கள் வேலையை இரண்டாகப் பிரிக்கின்றனர். முதலில், எருமையை நிறுத்தியபடியே விலாவை மரக்கச் செய்து, இரைப்பையைத் திறந்து காலி செய்வர். பாரம் குறைந்த பின்னர் முழு மயக்கமளித்துக் கிழிசலைத் தைப்பர். உதரவிதானத்தைத் திறந்ததும் மார்பினுள் காற்று புகுந்து நுரையீரல் சுருங்குமாதலால், குழலின் வழியே பிறர் மூச்சூட்டினாலன்றி எருமை பிழையாது. எந்த மருந்துக் கூட்டும் இதற்கு ஈடாகாது. எனவே கிராமத்தில் வைத்து இதற்கு முயலுதல் கூடாது. அறிகுறியை முன்கூட்டியே உணர்ந்து, பிராணிக்கு வலுவிருக்கும்போதே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கள ஊழியரே அதைக் காப்பாற்றியவராவார்.

கள ஊழியர் செய்ய வேண்டுவன

முன்னேற்பாட்டில் முதலாவது பட்டினி. வளர்ந்த மாட்டிற்கும் எருமைக்கும் பதினெட்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் தீனியும், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரும் நிறுத்தப்பட வேண்டும். சொந்தக்காரர் இரக்கத்தால் இரவில் ஒரு கைப்பிடி வைக்கோல் போட்டுவிடுவதுண்டு. அதன் தீமையை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். பால் மட்டும் குடிக்கும் இளங்கன்றை நெடுநேரம் பட்டினி போடலாகாது. அதன் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடும்.

இரண்டாவது எடை. தராசு இல்லாத இடத்தில், மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோகிராமில் கிடைக்கும். சுற்றளவு 62 அங்குலமும் நீளம் 54 அங்குலமும் உள்ள பசுவின் எடை சுமார் 315 கிலோகிராம். கண்மதிப்பாக அதை நானூறு என்று சொல்லிவிட்டால், மருந்து கால் பங்கிற்கும் மேல் மிகுந்துவிடும்.

மூன்றாவது, சினை, முந்தைய நோய், கொடுத்த மருந்துகள் ஆகியவற்றைக் கேட்டறிந்து மருத்துவரிடம் சொல்லுதல். கோடையில் விடியற்காலையையும் நிழலையும் தெரிந்தெடுத்தல் நன்று. வயிறு உப்பினால் வாயுவை வெளியேற்றும் குழலும் ஊசியும் கைக்கெட்டுமிடத்தில் இருக்க வேண்டும்.

சிகிச்சையின்போது, கழுத்தின் மேற்பகுதியின் கீழ் வைக்கோல் மூட்டை வைத்து, வாய் தாழ்ந்திருக்கும்படி செய்தால் உமிழ்நீர் வெளியே வடியும். தோளின் கீழ் மெத்தென்ற படுக்கை இன்றேல் முன்னங்கால் நரம்பு நசுங்கி, எழுந்தபின் நொண்டும். தலைக்கயிற்றின் முடிச்சும் வளையமும் கன்னத்தை அழுத்தலாகாது. மூச்சை எண்ணி எழுதுவதும், ஈற்றின் நிறம் இளஞ்சிவப்பாக உள்ளதா என்று பார்ப்பதும் ஒருவரின் தனி வேலையாக இருக்க வேண்டும்; நீலம் பாய்ந்தால் உடனே அறிவிக்க வேண்டும். ஆவி மயக்கத்திலும் தயோபென்டோன் மயக்கத்திலும் மாட்டின் கருவிழி கீழ்நோக்கி உருளும். மயக்கம் மிக ஆழ்ந்தால் மறுபடி நடுவில் வந்து நிற்கும். கெட்டமீன் மயக்கத்தில் கண் திறந்தே இருக்குமாதலால் இவ்வடையாளத்தை நம்ப இயலாது.

சிகிச்சை முடிந்ததும் பிராணியை மார்பின் மேல் நிமிர்த்தி, இருபுறமும் வைக்கோல் மூட்டைகளால் அண்டை கொடுக்க வேண்டும். அப்பொழுதுதான் ஏப்பம் வெளியேறும். அதைத் தட்டியெழுப்புதல் கூடாது. நன்கு நின்று விழுங்கத் தொடங்கும் வரையில் தண்ணீரும் தீனியும் காட்டலாகாது. அரை மயக்கத்திலுள்ள எருமை குளத்தை நோக்கி நடக்கும். அதைக் கட்டி வைத்துக் காவல் இருத்தல் அவசியம். மருத்துவர் குறித்த காலம் வரை அதன் பாலை மனிதருக்கு உபயோகிக்கலாகாது.

ஊழியர் தம்மைக் காத்துக்கொள்வதும் கடமையே. சைலசீன் மனிதருக்கான மருந்தன்று. ஊசி தவறிக் கையில் பட்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும். தோலில் சிந்தினால் நன்கு கழுவ வேண்டும். கெட்டமீன் 2013-ஆம் ஆண்டில் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஆகவே பூட்டி வைத்து, ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் பதிவேட்டில் கணக்கு எழுத வேண்டும்.

தொகுப்பு

நலமுள்ள, சினையற்ற பிராணிக்குக் குறுகிய நேர வேலையாயின் சைலசீன்-கெட்டமீன் போதும். மெலிந்ததற்கும் வயிறு உப்பியதற்கும் டயசெப்பாம்-கெட்டமீனுடன் உறுப்பு மரப்பு ஏற்றது. ஒரு மணி நேரம் வரை மும்மருந்துச் சொட்டு உதவும். அதற்கு மேற்பட்டதற்கும் மார்பைத் திறப்பதற்கும் சுவாச வழி மயக்கமே தக்கது. மருத்துவர் இவற்றுள் சரியானதைத் தேர்ந்தெடுப்பது, பிராணியின் எடை, சினை, பட்டினி, நோய் ஆகியவற்றைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் செய்தியின் உண்மையைப் பொறுத்தது. அச்செய்தியை அளந்தும் கேட்டும் சரியாகத் தருபவர் கள ஊழியர். "மறுபடி எழுந்துவிடுமா?" என்ற கேள்விக்கு நல்ல விடை கிடைப்பதில் மருந்துப் புட்டிக்கு உள்ள பங்கு போலவே, முதல் நாள் மாலை தொழுவத்தில் நிகழும் முன்னேற்பாட்டிற்கும் பங்குண்டு.